மறுபடி தோண்டிய மண்: ஹேகிலிருந்து ஸ்ரெப்ரெனிட்சா வரை

முதல் நாள், 2025 செப்டம்பர் 11, ஹேக்

டெல்ஃப்டில் இருக்கும் தங்கச்சி மகள் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. காற்றாலை, கால்வாய்ப் படகு, பூவே இல்லாத பூந்தோட்டம் எல்லாம் காட்டிவிட்டாள். "அடுத்து எங்க பெரியம்மா?" என்றாள். "கோர்ட்டுக்கு" என்றேன். சிரித்தாள். திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு வேறெங்கே போகத் தோன்றும்!

சர்ச்சில் சதுக்கத்தில் நிற்கும் அந்தக் கட்டடம் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் அலுவலகமாம். வாசலில் ஒரு தண்ணீர்க் குளம். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றத் தீர்ப்பாயம் இங்கேதான் நடந்தது. 1993 மே 25 அன்று, போஸ்னியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, ஐ.நா. பாதுகாப்பு சபை 827ஆம் தீர்மானத்தால் இதை உண்டாக்கியது. தீ எரிகிறபோதே கருகியதைக் கணக்கெடுக்க ஆள் அனுப்பியதுபோல. 161 பேர் மேல் குற்றப்பத்திரிகை. கடைசி ஆள் பிடிபட்டது 2011 ஜூலையில். அதற்குப் பிறகு தலைமறைவு என்று ஒருவர்கூட மிச்சமில்லை. வாரண்டு கட்டுகளை வருஷக் கணக்கில் தூசி தட்டி வைத்தவள் நான், இந்தக் கணக்கின் அருமை எனக்குத் தெரியும். 2017 கடைசியில் தீர்ப்பாயம் மூடப்பட்டது.

கிழக்கு போஸ்னியாவில் இருக்கும் சின்ன ஊர் ஸ்ரெப்ரெனிட்சா. அந்த வழக்கின் முதல் தீர்ப்பை நம்மூரில் இருக்கும்போதே படித்துவிட்டேன். 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படை ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் எட்டாயிரம் போஸ்னியாக் ஆண்களையும் பையன்களையும் கொன்றது. போஸ்னியாக் என்றால் போஸ்னிய முஸ்லிம். அதற்காக ஜெனரல் ராதிஸ்லாவ் கிர்ஸ்டிச்சுக்கு 2001 ஆகஸ்ட் 2 அன்று 46 வருஷம் தண்டனை. இந்தத் தீர்ப்பாயம் இனப்படுகொலை என்று சொல்லிக் கொடுத்த முதல் தண்டனை அது. 2004இல் மேல்முறையீட்டில் "உடந்தை" என்று மாற்றி 35 ஆக்கினார்கள். ஆனால் நடந்தது இனப்படுகொலைதான் என்பதில் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

என் கண் சட்ட விளக்கத்தில் நிற்கவில்லை. வழக்குச் சொத்துப் பட்டியலில்தான் நின்றது. கோர்ட்டில் என் வேலையே அது: கத்தி, ரத்தக்கறை வேட்டி, அறுந்த தாலி, ஒவ்வொன்றுக்கும் எம்.ஓ. (சான்றுப் பொருள்) நம்பர் போட்டு சீட்டுக் கட்டி வைப்பது. இந்த வழக்கில் 448 கண்கட்டுத் துணிகள். சண்டையில் செத்தார்கள் என்று சொன்னால், கண்ணைக் கட்டிக்கொண்டு எவன் சண்டை போடுவான்? அந்த வாதம் அந்தத் துணிகளோடு முடிந்தது.

அப்புறம் கைக்கடிகாரங்கள். தானாகச் சாவி ஏறும் சீக்கோ கடிகாரங்கள் சில பிணங்களோடு கிடைத்தன. கை அசைகிறவரை ஓடும். அசைவு நின்றால் ஒன்றரை நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள், பிறகு நின்றுவிடும். சின்னச் சன்னலில் கிழமையும் தேதியும் தெரியும். நின்ற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், கை அசைவு நின்ற நாள். என் அப்பாவிடம் அதே மாதிரிக் கடிகாரம் ஒன்று இருந்தது, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. பீரோவில் கிடக்கிறது.

வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். காவலாளி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். சுற்றுலாக்காரர் யாரும் இங்கே வருவதில்லைபோல.

இரண்டாம் நாள், செப்டம்பர் 12, சரயேவோ

போஸ்னியத் தலைநகர். வியன்னாவில் விமானம் மாறி நானும் தங்கச்சி மகளும் வந்து இறங்கினோம். இறங்கும்போதே இவள் போனில் படித்துச் சொன்னாள்: இந்த ஓடுபாதைக்கு அடியில்தான் 1993இல் ஊர்க்காரர்கள் சுரங்கம் வெட்டினார்கள். சுமார் 800 மீட்டர். முற்றுகையில் சிக்கிய ஊருக்கு மாவும் மருந்தும் துப்பாக்கியும் அந்த வழியாகத்தான் வந்தன. போஸ்னிய செர்பியப் படையின் முற்றுகை 1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி 29 வரை, 1,425 நாள். இப்போது அந்தச் சுரங்கத்தில் கொஞ்ச தூரம் குனிந்து நடக்க விடுகிறார்கள். எனக்கு முட்டி வலி, இவள் மட்டும் போய்வந்தாள்.

ஊர் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. சுற்றிலும் மலை. மேலே பீரங்கி வைத்தவனுக்குக் கீழே இருக்கிறவன் துணி காயப்போடுவதுகூடத் தெரியும். நடைபாதையில் அங்கங்கே சிவப்புப் பிசின் ஊற்றிய குழிகள். குண்டு விழுந்து ஆள் செத்த இடங்கள். பூ மாதிரி இருப்பதால் சரயேவோ ரோஜா என்கிறார்கள். முதல் ரோஜாவைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். கோயில் வாசலில் கோலத்தை மிதித்தவள் மாதிரி காலை இழுத்துக்கொண்டேன்.

மார்க்காலே சந்தையில் தக்காளி, குடைமிளகாய், ஊறுகாய் முட்டைக்கோஸ். 1994 பிப்ரவரி 5 அன்று ஒரே குண்டில் 68 பேர் செத்த இடம். பெயர்ப் பலகையின் முன்னால் ஒரு பாட்டி வெங்காயம் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பெரிய பூங்காவில் ஒரு சிலை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிடுகிற ஒரு மனிதர். ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து காட்டு வழியே தப்பி ஓடியவர்களில் ஒரு அப்பா. பிடித்தவர்கள் அவரை நிற்கவைத்து, காட்டுக்குள் ஒளிந்திருந்த மகனைக் கூப்பிடச் சொன்னார்கள். பயப்படாதே, இறங்கி வா என்று கூப்பிட்டார். அதை ஒரு கேமராக்காரர் படம் பிடித்திருக்கிறார். இரண்டு பேரின் உடலும் பின்னால் புதைகுழிகளிலிருந்துதான் கிடைத்தன. எங்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் சிலை மாதிரியே கையைக் குவித்து அவன் அம்மாவைக் கூப்பிட்டான். விளையாட்டுக்கு. அந்த அம்மா அவன் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

மூன்றாம் நாள், செப்டம்பர் 13, சரயேவோ

மழை. முழங்கால் வீக்கம். ஓட்டல் அறையில் பாதி நாள். சாப்பாடு பிரச்சினையில்லை, கீரை வைத்துச் சுருட்டிச் சுட்ட ரொட்டி ஒன்று இருக்கிறது, சேல்யானிட்சா என்று பெயர், தயிரோடு பிரமாதம். காபி நம்முடையது போல் இல்லை. சின்னச் செம்புப் பாத்திரத்தில் மண்டியோடு வருகிறது, குடித்து முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகவேண்டுமாம். நமக்கு இரண்டு வாய்.

மழை விட்டதும் பேராலயத்தை ஒட்டியிருக்கும் 11/07/95 கூடத்துக்குப் போனோம். ஸ்ரெப்ரெனிட்சா விழுந்த தேதிதான் கூடத்தின் பெயர். தாரிக் சமாராவின் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒரு சுவர் முழுக்கச் செத்தவர்களின் முகம். நாளை மறுநாள் போகிற ஊருக்கு இன்றே கண்ணைப் பழக்கிக்கொண்டேன் என்று நினைத்தேன். பழகவில்லை.

நான்காம் நாள், செப்டம்பர் 14, விஷெகிராத்

வாடகைக் கார், ஓட்டுவது இவள். வழியில் சாலைப் பலகைகளில் எழுத்து மாறியது. கிரில் எழுத்து முன்னால் வந்துவிட்டது. 1995 டிசம்பரில் கையெழுத்தாகிப் போரை முடித்த டேய்ட்டன் உடன்படிக்கை நாட்டை இரண்டு பாதியாக்கியது: ஒன்று போஸ்னியாக்குகளும் குரோட்டுகளும் சேர்ந்த கூட்டமைப்பு, இன்னொன்று செர்பியக் குடியரசு. யாரை விரட்டினார்களோ அவர்கள் ஊரெல்லாம் விரட்டியவர்கள் பாதியில் மாட்டிக்கொண்டது. ஸ்ரெப்ரெனிட்சாவும் அந்தப் பக்கம்தான்.

துரினா ஆறு பச்சை. பாலம் 16ஆம் நூற்றாண்டு, பதினொரு வளைவு, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து படம் எடுக்கிறார்கள். 1992இல் இதன் மேல் வைத்து ஆட்களைக் கொன்று ஆற்றில் தள்ளினார்கள். இந்த ஊரில் மிலான் லுக்கிச் என்கிற செர்பிய ஆயுதக் குழுத் தலைவனும் அவன் ஆட்களும் அந்த ஜூனில் இரண்டு வீடுகளில் பெண்கள், குழந்தைகள், கிழவர்களை அடைத்துத் தீ வைத்தார்கள். ஒன்று பியோனிர்ஸ்கா தெருவில், 14ஆம் தேதி. இன்னொன்று பிகாவட்ஸில், 27ஆம் தேதி. ஹேகில் அவனுக்கு ஆயுள். 2012இல் மேல்முறையீட்டிலும் அதே.

ஊரின் முஸ்லிம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுக் கல். அதில் "விஷெகிராத் இனப்படுகொலையில் இறந்தவர்களுக்கு" என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். 2014 ஜனவரியில் ஊராட்சி நிர்வாகம் போலீஸ் காவலோடு வந்து இனப்படுகொலை என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் செதுக்கி எடுத்தது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் அந்த இடத்தில் உதட்டுச் சாயத்தால் மறுபடி எழுதினார்கள். சிவப்பில்.

கல்லின் முன்னால் நின்று இவள் கேட்டாள், "கோர்ட்டே சொல்லலையாமே பெரியம்மா, இந்த ஊருக்கு?"

உண்மைதான். போஸ்னிய செர்பியர்களின் அரசியல் தலைவர் கராஜிச்சுக்கும் படைத் தளபதி ம்லாடிச்சுக்கும் தலா பதினொரு குற்றச்சாட்டு. பத்தில் குற்றவாளி. விடுபட்ட ஒன்று, 1992இல் வேறு சில ஊர்களில் நடந்தது இனப்படுகொலை என்கிற குற்றச்சாட்டு. கொலை, துரத்தல், ஒழித்துக்கட்டுதல் எல்லாம் நிரூபணமாயின. அந்த இனத்தையே இல்லாமல் ஆக்கும் நோக்கம் மட்டும் ஐயமற நிரூபணம் ஆகவில்லை என்றார்கள். இதற்கு மாறாக ஜெர்மனியில், டூசல்டார்ஃப் நீதிமன்றம் 1997இல் நிக்கோலா யோர்கிச் என்கிறவனுக்கு போஸ்னியாவின் தோபோய் வட்டாரக் கொலைகளுக்காக இனப்படுகொலைக் குற்றத்திலேயே ஆயுள் கொடுத்தது. பத்து வருஷம் கழித்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதில் தவறில்லை என்றது. ஆக, கோர்ட்டுக்குக் கோர்ட் அந்தச் சொல் மாறுகிறது.

நோக்கத்தை நிரூபிப்பதுதான் எந்தக் கொலை வழக்கிலும் முடிச்சு, எனக்குத் தெரியும். 302 (கொலை) போட்ட வழக்கு 304 (கொலையாகாத மரணம்) ஆகி இறங்கிப் போனதை எத்தனை தரம் என் கையால் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அதுதான் சரி என்று தோன்றும். வெளியே வராந்தாவில் செத்தவன் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போய் நோக்கம் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். இவளுக்கு நான் ஒரு பதிலும் சொல்லவில்லை.

இதே துரினாக் கரையில் மேலே ஃபோச்சா என்று ஒரு ஊர். அங்கே பெண்களை விளையாட்டு அரங்கில் அடைத்து வைத்துப் பலாத்காரம் செய்தவர்களுக்கு 2001 பிப்ரவரியில் ஹேகில் தண்டனை வந்தது. பலாத்காரமும் அடிமைப்படுத்துவதும் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று சொன்ன தீர்ப்பு. அதற்கு இரண்டரை வருஷம் முன்பே ருவாண்டாத் தீர்ப்பாயம் பலாத்காரமும் இனப்படுகொலையின் கருவியாகும் என்று சொல்லியிருந்தது. அந்த அமர்வில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை, டர்பனில் தமிழ் வம்சாவளியில் பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். இவள் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லையாம். கார் ஸ்ரெப்ரெனிட்சா போகிற மூன்று மணி நேரமும் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம். நல்லதுதான், ரோட்டைப் பார்த்திருந்தால் பயந்திருப்பேன். அவ்வளவு வளைவு.

ஐந்தாம் நாள், செப்டம்பர் 15, பொடோச்சாரி

தங்கியிருப்பது ஸ்ரெப்ரெனிட்சாவை ஒட்டிய பொடோச்சாரியில், போருக்குப் பின் திரும்பி வந்து குடியேறிய ஒரு அம்மாவின் வீட்டு மாடியில். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தலைத்துணி, பூப்போட்ட பாவாடை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. துஸ்லாவில் படிக்கும் பேத்தி லீவில் வந்திருந்தாள், அவள் ஆங்கிலம் பேசினாள். காலையில் முற்றத்துப் பிளம் பழத்தில் காய்ச்சிய ஜாமும் ரொட்டியும்.

நினைவிடம் நடந்து போகிற தூரம்தான். சாலைக்கு இந்தப் பக்கம் கல்லறைகள், அந்தப் பக்கம் பழைய பேட்டரித் தொழிற்சாலை. 1993 ஏப்ரல் 16 அன்று ஐ.நா. 819ஆம் தீர்மானத்தில் ஸ்ரெப்ரெனிட்சாவைப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தது. காவலுக்கு டச்சுப் படை, 1995இல் சுமார் 400 பேர், முகாம் இந்தத் தொழிற்சாலை. 1995 ஜூலை 11 அன்று ம்லாடிச் ஊருக்குள் நுழைந்தான். கேமராவைப் பார்த்து, இந்த ஊரைச் செர்பியர்களுக்குப் பரிசாகக் கொடுக்கிறோம், துருக்கியர்களைப் பழிவாங்கும் நேரம் வந்துவிட்டது என்றான். துருக்கியர் என்று அவன் சொன்னது இங்கேயே பிறந்து, அவன் பேசும் மொழியையே பேசி வளர்ந்த மக்களை. இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்த முகாமை நம்பி ஓடிவந்தார்கள். கொஞ்சம் பேரை உள்ளே விட்டு மற்றவர்களை வெளியே நிறுத்தினார்கள். மறுநாள் பஸ்கள் வந்தன. ஆண்களை ஒரு பக்கம் பிரித்தார்கள். உள்ளே இருந்தவர்களையும் டச்சுக்காரர்கள் வெளியே அனுப்பினார்கள்.

தொழிற்சாலைச் சுவரில் டச்சுச் சிப்பாய்கள் அன்று கிறுக்கியது இன்றும் இருக்கிறது. இந்த ஊர்ப் பெண்களைப் பற்றி, எழுதக் கூசுகிற கேலி. இவள் ஆறு வருஷமாக நெதர்லாந்தில் வரி கட்டுகிறவள். அதைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அந்த நாட்டு நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐ.நா. மொழிபெயர்ப்பாளராக இருந்த ஹசன் நுஹானோவிச், தன் குடும்பத்தை முகாமிலிருந்து வெளியே அனுப்பியதற்காக டச்சு அரசின் மேல் வழக்குப் போட்டார். 2013இல் டச்சு உச்ச நீதிமன்றம் மூன்று பேர் சாவுக்கு அரசே பொறுப்பு என்றது. 2019இல் ஸ்ரெப்ரெனிட்சா அன்னையர் சங்கம் போட்ட வழக்கில், முகாமுக்குள் இருந்த 350 ஆண்களுக்கு அரசு 10 சதவீதம் பொறுப்பு என்றது. உள்ளேயே வைத்திருந்தால் பிழைக்க வாய்ப்பு பத்தில் ஒன்று என்று கணக்காம். பாகப்பிரிவினை வழக்கில் பம்புசெட்டுக்குப் பங்கு போட்டதைப் பார்த்திருக்கிறேன். உயிருக்கு இப்படிப் பங்கு போட்டதை இங்கேதான் பார்க்கிறேன்.

கல்லறைகளைப் பற்றி என்ன எழுத. வெள்ளைக் கல், மெலிந்து உயர்ந்தது, வரிசை வரிசையாகச் சரிவில் ஏறிப்போகிறது. மேலப்பாளையத்தில் மீசான் கல் என்பார்கள், இங்கே நிஷான். நுழைவில் ஒரு கல்லில் 8372 என்று பொறித்து, பக்கத்தில் மூன்று புள்ளி வைத்திருக்கிறார்கள். கணக்கு முடியவில்லை என்று அர்த்தம். பெயர்ச் சுவரில் ஒரே குடும்பப் பெயர் விரல் நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது. பிறந்த வருஷம் மட்டும் மாறும். 1978. 1979. 1980. இறந்த வருஷம் ஒன்றே.

முதல் அடக்கம் 2003 மார்ச் 31, 600 பேர். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஜூலை 11 அன்று, அந்த வருஷம் அடையாளம் தெரிந்தவர்களை அடக்கம் செய்கிறார்கள். பச்சைத் துணி போர்த்திய மெல்லிய பெட்டிகள். இந்த ஜூலை முப்பதாம் ஆண்டு, ஏழு பேர்.

மத்தியானம் வீட்டு அம்மா காபி போட்டார். பேத்தி சொல்லச் சொல்ல இவள் எனக்குச் சொன்னாள். ஆனால் ஒரு சொல் எனக்கு நேராகவே புரிந்துவிட்டது. "மெயித்" என்றார். "மையத்தா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஜனாஸா?" என்றேன். "ஜெனாஸா, ஜெனாஸா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலப்பாளையத்துப் பக்கத்து வீட்டுப் பாத்திமாக்கா சொல்லிச் சொல்லிப் பழகிய சொற்கள். என்னை முஸ்லிம் என்று நினைத்தாரோ என்னவோ, திருத்த மனம் வரவில்லை.

அவர் புருஷன் காட்டு வழியே தப்பிப்போன கூட்டத்தில் போனவர். பத்துப் பதினைந்தாயிரம் பேர், துஸ்லா பக்கம், சுமார் நூறு கிலோமீட்டர் மலை. வழியில் சரணடைந்தார். பின்னால் தெரிந்தது, கோஸ்லுக்கில் ஆற்றங்கரையில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். அங்கே சுமார் 500 பேர். பக்கத்தில் ஒரு பாட்டில் நிரப்பும் தொழிற்சாலை உடைந்த பச்சைக் கண்ணாடியைக் கொட்டும் இடம் அது.

வேறு எந்த வழக்கிலும் நான் கேள்விப்படாதது இதற்கப்புறம் நடந்ததுதான். 1995 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்கத் தூதர் மேடலின் ஆல்பிரைட், விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பாதுகாப்பு சபையில் காட்டினார். புதிதாகக் கிளறிய மண். உலகம் பார்த்துவிட்டது என்று தெரிந்ததும், செப்டம்பரிலும் அக்டோபரிலும் கொன்றவர்கள் பொக்லைன்களோடு திரும்பி வந்தார்கள். குழிகளைத் தோண்டி, அள்ளி, லாரியில் ஏற்றி, மலைக்குள் வேறு குழிகளில் கொட்டி மூடினார்கள். பொக்லைன் வாளிக்கு உடம்பு என்றும் மண் என்றும் தெரியுமா? ஒருவரின் தலை ஒரு குழியில், தொடை எலும்பு வேறொரு குழியில்.

இந்த அம்மாவின் புருஷன் இரண்டு குழிகளில் இருந்தார். முதல் போன் வந்தபோது இடுப்புக்கு மேல் மட்டும் கிடைத்திருக்கிறது என்றார்கள். இப்போதே அடக்கம் செய்கிறீர்களா, மிச்சம் கிடைக்கும்வரை காத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இதைக் கேட்கவென்றே ஒருவர் வேலையில் இருக்கிறார். காத்திருந்தார். மூன்று வருஷம். பிறகு தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, இங்கே வரைக்கும் வந்தது, போதும் என்றேன் என்றார். அடக்கம் செய்தார். அதற்கப்புறமும் ஒரு போன் வந்தது. பாதத்தின் எலும்புகள் சில. கல்லறையைத் திறந்து, அவற்றையும் உள்ளே வைத்து மூடிவிட்டு வந்தார்களாம்.

மகன்கள்? நான் கேட்கவில்லை. சுவரில் இரண்டு படங்கள் இருந்தன.

ஆறாம் நாள், செப்டம்பர் 16, கிராவிட்சா, காமெனிட்சா, துஸ்லா

கிளம்பும்போது ஒரு பாட்டில் பிளம் ஜாம் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார், அறை வாடகையை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

பிராத்துனாட்ஸ் தாண்டி கிராவிட்சா. சாலையோரம் ஒரு விவசாயக் கூட்டுறவுக் கிடங்கு, நீளமான ஓட்டுக் கட்டடம். 1995 ஜூலை 13 அன்று இதற்குள் அடைத்து ஆயிரம் பேருக்கு மேல் கொன்றார்கள். சன்னல் வழியே கையெறி குண்டு. நினைவுப் பலகை எதுவும் இல்லை. புல் வளர்ந்து கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி செர்பியர்களுக்கான பெரிய சிலுவை நினைவுச் சின்னம். 1993 ஜனவரி 7, அவர்கள் கிறிஸ்துமஸ் அன்று, ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து வந்த போஸ்னியாக் படை இந்தக் கிராமத்தைத் தாக்கியதும் நடந்ததுதான். அந்தப் பக்கத்துத் தளபதி நாசெர் ஓரிச்சையும் ஹேக் விசாரித்தது, 2006இல் இரண்டு வருஷம் கொடுத்தது, 2008இல் மேல்முறையீட்டில் விடுதலை. செத்த செர்பியர்களுக்கு அழுகிறவர்கள் அழட்டும், அதற்குச் சின்னமும் இருக்கட்டும். கிடங்கின் சுவரில் ஒரு பலகை வைத்தால் அந்தச் சிலுவை குட்டையாகிவிடாது.

கிடங்குக்கு முன் காரை நிறுத்தியபோது டிராக்டரில் போன ஒருவர் எங்களை உற்றுப் பார்த்துக்கொண்டே போனார். இவள் இன்ஜினை அணைக்கவே இல்லை.

இந்த வழக்கின் முடிச்சு அவிழ்ந்ததை நினைத்துக்கொண்டே வந்தேன். பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரி ழான் ரெனே ருயேஸ் புலனாய்வுக்குத் தலைமை. தப்பிப் பிழைத்தவர்கள் சிலர், கோர்ட்டில் பெயருக்குப் பதில் ஓர் எழுத்து, திரைக்குப் பின்னிருந்து சாட்சி. கொன்றவர்களில் ஒருவன், திராஜென் எர்தெமோவிச், தானே வந்து ஒப்புக்கொண்டான். ஜூலை 16 அன்று பிரான்யெவோ பண்ணையில் பஸ் பஸ்ஸாக வந்தவர்களைச் சுட்டதைச் சொன்னான், தான் மட்டும் எழுபது பேரைக் கொன்றிருக்கலாம் என்றான். சுட மறுத்தால் நீயும் போய் அந்த வரிசையில் நில் என்றார்களாம். முதலில் 10 வருஷம், பிறகு 5. அவனைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவன் சொல்லாவிட்டால் அந்தப் பண்ணை வெறும் பண்ணையாகவே இருந்திருக்கும்.

ஒட்டுக்கேட்ட டெலிபோன் பேச்சும் சாட்சியாயிற்று. ஜூலை 15 அன்று பாதுகாப்பு அதிகாரி ல்யூபிஷா பெயாரா கிர்ஸ்டிச்சிடம் பேசுகிறான்: இன்னும் 3,500 பார்சல் விநியோகிக்க வேண்டும், வழி தெரியவில்லை. பார்சல். ஆள் தேவை என்று கேட்கிறான். 2010இல் பெயாராவுக்கும் வுயாதின் போப்போவிச்சுக்கும் இனப்படுகொலைக்காக ஆயுள்.

காமெனிட்சாப் பள்ளத்தாக்கில் இறங்கி நின்றோம். சோளக் கொல்லை, பிளம் மரங்கள், வைக்கோல் படப்பு, மணி கட்டிய மாடு. இந்தச் சாலையை ஒட்டி மட்டும் பத்துக்கு மேற்பட்ட இரண்டாம் குழிகள். கோஸ்லுக்கில் கொன்றவர்களை இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள், தடயம் இருக்கக்கூடாது என்று. அள்ளிய வாளியில் அந்த ஆற்றங்கரைப் பச்சைக் கண்ணாடியும் சேர்ந்து வந்துவிட்டது. பாட்டிலில் ஒட்டும் லேபிளோடு. மலைக்குள் இருக்கும் குழியில் பாட்டில் கம்பெனிக் கண்ணாடி எப்படி வந்தது? வேறு குழிகளில் ஒரே துணியில் கிழித்த கண்கட்டுகள் அங்கேயும் இங்கேயும். மண், மகரந்தம், தோட்டா எல்லாம் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின.

இன்னொன்றும் உண்டு. பிணங்களை ஒழுங்காக அடக்கம் செய்யவிடாமல் தோண்டிச் சிதைத்து மறைத்ததையும், ஒரு சமூகத்தையே அழிக்கும் நோக்கத்துக்கு அடையாளமாக 2001 தீர்ப்பு எடுத்துக்கொண்டது. மறைக்கத் தோண்டிய அதே மண்தான். முப்பது வருஷத்தில் எத்தனையோ கேஸ் கட்டுகளைப் புரட்டியிருக்கிறேன், தடயத்தை அழிக்கப்போய் நோக்கத்தை இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எதிரியைப் பார்த்ததில்லை.

கிர்ஸ்டிச்சே 2024இல், விடுதலை கேட்டு எழுதிய கடிதத்தில், நடந்தது இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் நாங்கள் கடந்துவந்த ஊர் ஒன்றின் சுவரில் ம்லாடிச்சின் முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். புது வண்ணம்.

துஸ்லாவில் எலும்புகளைப் பிரித்து அடையாளம் காணும் இடத்தின் முன்னால் காரில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போகக் கேட்கவில்லை, அது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. காணாமல் போனவர்களுக்கான சர்வதேச ஆணையம் பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களின் ரத்தத்தையும் எலும்பின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, 2001 நவம்பரில் முதல் பொருத்தத்தைக் கண்டது. இதுவரை ஏறக்குறைய ஏழாயிரம் பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது. இன்னும் ஆயிரம் பேர் வரை இல்லை. ரத்தம் கொடுக்க ஒரு சொந்தமும் மிஞ்சாத எலும்புக்குப் பெயர் கிடைப்பது கஷ்டம்.

"போலாமா பெரியம்மா?" என்றாள். மணி நாலரை. ஜாம் பாட்டில் மடியில் இருந்தது.

வீடு திரும்பிய பின், அக்டோபர் 7, திருநெல்வேலி

இந்தக் குறிப்பு போட்டதிலிருந்து ஒருவர் மறுபடி மறுபடி கேட்கிறார்: கடிகாரத்தை வைத்தெல்லாம் நாள் சொல்ல முடியுமா, அதெல்லாம் வக்கீல் ஜோடித்ததாக இருக்கும் என்று. நியாயமான குறுக்கு விசாரணைதான்.

பீரோவிலிருந்து அப்பாவின் சீக்கோவை எடுத்தேன். டவுனில் ஒரு கடிகாரக்காரர் திறந்து, துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தார். கிழமையும் தேதியும் சரிசெய்தேன். ஞாயிறு முழுக்கக் கையில் கட்டிக்கொண்டு வீடு பெருக்கி, பாத்திரம் கழுவி, கோயிலுக்குப் போய்வந்தேன். ராத்திரி ஏழு மணிக்குக் கழற்றி மேசையில் வைத்தேன். யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன். பக்கத்தில் ஒரு சீட்டில் நேரத்தை எழுதினேன், பழைய பழக்கம்.

திங்கள் முழுக்க ஓடியது. இன்று காலை டிபன் நேரத்திலும் ஓடியது. பதினொன்று பத்துக்குப் பார்த்தபோது நொடிமுள் நின்றிருந்தது. முட்கள் 10:52. சன்னலில் செவ்வாய், 7.